ஹில்சே கிழவன் ஏன் சாகிறான்? ஹாப்ட்மானின் ‘நெசவாளர்கள்’ நாடகம் பற்றி

ஒரு வாசகரின் கேள்வி, மார்ச் 2

ஜெர்மன் நாடகாசிரியர் கெர்ஹார்ட் ஹாப்ட்மான் 1844இல் நடந்த நெசவாளர் கலகத்தைப் பற்றி எழுதிய ‘நெசவாளர்கள்’ இப்போதுதான் படித்து முடித்தேன். எல்லோரும் புரட்சி நாடகம் என்கிறார்கள். ஆனால் கலகத்தில் சேராமல் தறியில் உட்கார்ந்திருக்கிற பக்திமான் கிழவன் ஹில்சேதான் கடைசியில் குண்டு பட்டுச் சாகிறான், அதோடு திரை விழுகிறது. கலகம் செய்தால் அப்பாவிதான் சாவான் என்று சொல்கிற நாடகம் எப்படிப் புரட்சி நாடகம் ஆகும்? கதாநாயகனும் இல்லை. ஐந்து அங்கத்திலும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், ஒருவரும் மனதில் நிற்கவில்லை.

மார்ச் 2, இரவு

கடைசி அங்கத்தை வைத்து முழு நாடகத்துக்கும் தீர்ப்பு எழுதினால் இப்படித்தான் ஆகும். முதல் அங்கத்துக்குப் போங்கள், நாடகத்தின் உயிர் அங்கே இருக்கிறது. மே மாதக் கடைசி, புழுக்கம், கடிகாரத்தில் மணி பன்னிரண்டு. பீட்டர்ஸ்வால்டாவ் ஊரில் டிரைசிகர் என்கிற முதலாளி வீட்டுக்கு நெசவாளிகள் நெய்த துணியைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறார்கள். மேஜைக்குப் பின்னால் ஃபைஃபர் நிற்கிறான், இவனும் முன்னாள் நெசவாளிதான், இப்போது முதலாளியின் மேலாள். துணியை விரிக்கிறான், கவராயத்தை வைத்து அளக்கிறான், பூதக்கண்ணாடி வைத்து இழை பார்க்கிறான், தராசுக்கு அனுப்புகிறான். அதில் குறை, இதில் குறை, கூலியில் பிடித்தம். சுற்றி நிற்கிறவர்கள் உயிரா சாவா என்ற தீர்ப்புக்குக் காத்திருக்கும் கைதிகளைப் போல நிற்க வேண்டும் என்று ஹாப்ட்மானே காட்சிக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

பெக்கர் என்ற இளைஞன் மட்டும் வாய் திறக்கிறான். டிரைசிகர் அவன் கூலியை வீசி எறிகிறார், காசு சில தரையில் உருள்கிறது. பெக்கர் குனிய மாட்டேன் என்கிறான், கூலி என் கைக்கு வர வேண்டும் என்று நிற்கிறான். கடைசியில் அங்கே வேலை பார்க்கிற பையன் பொறுக்கிக் கொடுக்கிறான். நாடகத்தில் நடக்கும் முதல் கலகம் அதுதான், அதற்கு ஒரு கல்கூட எறிய வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 3, காலை

நேற்று எழுதியதில் அந்த எட்டு வயதுப் பையனை விட்டுவிட்டேன். துணிச்சுமையைத் தூக்கி வந்தவன் கூட்டத்துக்கு நடுவே மயங்கி விழுகிறான். டிரைசிகர் பதறித்தான் போகிறார், உள்ளே கொண்டுபோகச் சொல்கிறார், பிராந்தி கொடுக்கச் சொல்கிறார். பையன் முனகுகிற ஒரே சொல் ‘பசி’. அது காதில் விழாதது போல முதலாளி பேச்சை மாற்றிக்கொள்கிறார். இவ்வளவு சின்னப் பையனிடம் சுமையைக் கொடுத்தனுப்பிய பெற்றோரைத் திட்டுகிறார், பழியெல்லாம் கடைசியில் முதலாளி தலையில்தானே விழுகிறது என்று புலம்புகிறார். அப்புறம் பெருந்தன்மையாக ஒரு அறிவிப்பு: இன்னும் 200 பேருக்கு வேலை தரப் போகிறேன். அவர் உள்ளே போன பிறகு கூலி எவ்வளவு என்று கேட்டால், ஒரு பாவுக்கு (தறியில் நெடுக்காக ஏற்றும் நூல்) பத்து வெள்ளிக் குரோஷன் என்கிறான் ஃபைஃபர், குரோஷன் என்பது அன்றைய சில்லறைக் காசு. கூட்டம் முணுமுணுக்கிறது. வேலை பெருகுகிறது, கூலி இறங்குகிறது, இரண்டும் ஒரே அறிவிப்பில்.

டிரைசிகரைக் கெட்டவனாகக் காட்டவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் பேசுவதை அவரே நம்புகிறார்.

மார்ச் 3, இரவு

‘இதெல்லாம் நாடகத்துக்காகக் கூட்டிச் சொன்னது, அளவிலும் எடையிலும் இவ்வளவு கொடுமையா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் குழித்தறி இருந்தது. பாவும் ஊடையும் (குறுக்கு நூல்) முதலாளி கொடுப்பார், நெய்து கொடுத்தால் கூலி. தறி எங்களுடையது, வீடு எங்களுடையது, தார் சுற்றுகிற பிள்ளைகளும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள், ஆனால் துணி எங்களுடையது கிடையாது. சேலை கொடுக்கப் போகும்போது அப்பாவோடு நானும் போவேன். கணக்குப்பிள்ளை சேலையை விரித்துக் கரையோரமாகப் பெருவிரலை வைத்துத் தள்ளிக்கொண்டே போவார். இழை அறுந்து முடிச்சுப் போட்ட இடம் வந்தால் விரல் நின்றுவிடும். அப்பா அவர் முகத்தைப் பார்க்க மாட்டார், அந்த விரலையேதான் பார்த்துக்கொண்டிருப்பார். விரல் நின்றால் நோட்டில் ஒரு பிடித்தம் ஏறும். வாங்கிய முன்பணத்துக்கும் ஒரு பகுதி கழியும். வீட்டில் எதற்கெடுத்தாலும் சத்தம் போடுகிற மனிதர் அங்கே ‘சரிங்க’ என்பதைத் தவிர வேறெதுவும் பேசி நான் கேட்டதில்லை.

எங்கோ ஜெர்மன் பேசுகிற மலையடிவாரத்தில் நடக்கிற முதல் அங்கத்தைப் படித்தபோது எனக்கு விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை. கூட்டிச் சொன்னதாகவும் படவில்லை.

மார்ச் 4

வரலாறு கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. இடம் சைலீசியா, அன்று பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசின் கீழ், இன்று போலந்தில். ஆந்தை மலைத்தொடரின் அடிவாரத்தில் பீட்டர்ஸ்வால்டாவ், லாங்கன்பீலாவ் என்று இரண்டு நெசவு ஊர்கள். இன்று அவற்றின் பெயர் பியெஷித்சே, பியெலாவா. 1844 ஜூன் 3 அன்று நெசவாளிகள் ட்ஸ்வான்சிகர் என்ற முதலாளியின் வீட்டுக்கு முன்னால் போய் முதலாளிகளைச் சாடுகிற ஒரு பாட்டைப் பாடினார்கள், அவர்களில் ஒருவனைப் பிடித்து அடைத்தார்கள். மறுநாள் கூட்டம் திரண்டு வந்து அந்த வீட்டைச் சூறையாடியது. ஜூன் 5 அன்று லாங்கன்பீலாவில் ராணுவம் சுட்டது, 11 பேர் செத்தார்கள். ஆனால் கூட்டம் கலையவில்லை, கல்லெறிந்தே சிப்பாய்களை ஊரைவிட்டுத் துரத்தியது. ஜூன் 6 அன்று பீரங்கியோடு கூடுதல் படை வந்து எல்லாவற்றையும் அடக்கியது. பாரிஸில் இருந்த ஜெர்மன் கவிஞர் ஹைனே அடுத்த மாதமே இதைப் பற்றிக் கவிதை வெளியிட்டார், ஆகஸ்டில் மார்க்ஸ் எழுதினார். நாடகம் வர இன்னும் கிட்டத்தட்ட 50 வருடம் இருந்தது.

மார்ச் 4, பிற்பகல்

‘அவர்கள் இயந்திரத்தை உடைத்தவர்கள்தானே’ என்று வந்த பதிலுக்கு. இதை இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. நாடகத்தில் விசைத்தறி மீது கோபம் இருக்கிறது, இங்கிலாந்தின் இயந்திரத் துணியோடு கைத்தறி போட்டிபோட முடியாமல் போனதும் உண்மை. ஆனால் 1844இல் அவர்கள் முதலில் போனது வீடுகளுக்கும் கிடங்குகளுக்கும் கணக்குப் புத்தகங்களுக்கும்தான். வில்ஹெல்ம் வோல்ஃப் அதே வருடம் எழுதிய விவரணையில் இரண்டு செய்திகள் இருக்கின்றன, ஹாப்ட்மானுக்கும் அதுதான் முக்கிய ஆதாரம். ஒன்று, வாகன்க்னெஷ்ட் என்ற முதலாளி ஓரளவு மனிதத்தன்மையோடு நடந்துகொண்டவர் என்பதால் அவர் வீட்டைத் தொடவில்லை. இன்னொன்று, வீடுகளைக் கொளுத்திவிடலாம் என்று சிலர் சொன்னபோது மற்றவர்கள் தடுத்திருக்கிறார்கள். எரிந்தால் காப்பீட்டுப் பணம் வந்துவிடும், முதலாளிகளும் ஏழையாகிப் பசி என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். தலைகால் புரியாமல் ஆடிய கும்பல் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும்.

மார்ச் 6

கதாநாயகன் இல்லை என்ற புகாருக்கு வருகிறேன். எனக்கு இது குறையாகவே படவில்லை. ஐந்து அங்கம், ஐந்து இடம்: முதலாளி வீட்டில் துணி வாங்கும் அறை, அன்சோர்கேயின் குடிசை, சாராயக்கடை, முதலாளி குடும்பம் வசிக்கும் பகுதி, ஹில்சேயின் வீடு. ஒரே ஆளை மையமாக வைத்திருந்தால் அவனுடைய குணம், அவனுடைய காதல், அவனுடைய தவறு என்று நாம் அவன் பின்னாலேயே போய்விடுவோம், பட்டினி பின்னணிப் படுதாவாகிவிடும். இங்கே பட்டினிதான் ஒவ்வொரு அங்கத்திலும் முன்னால் வந்து நிற்கிறது.

யாரும் மனதில் நிற்கவில்லை என்கிறீர்கள். பௌமர்ட் கிழவனுமா? இரண்டாம் அங்கத்தில் வீட்டு நாயைக் கொன்று சமைத்திருக்கிறார்கள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு வீட்டில் கறி வாசம். கிழவன் ஆசையாகச் சாப்பிடுகிறான். பழக்கமில்லாத வயிறு அதைத் தாங்காமல் வாந்தியாக வெளியே தள்ளுகிறது, அவன் ஆத்திரத்தில் அழுகிறான். நல்ல சாப்பாடு கிடைத்தும் உடம்பு வேண்டாம் என்கிறதே என்ற ஆத்திரம். பட்டினியைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன், இந்த அழுகையை வேறெங்கும் பார்த்ததில்லை.

அதே அங்கத்தில் யேகர் வருகிறான், பட்டாளத்திலிருந்து திரும்பியவன், நல்ல உடை, வெள்ளிக் கடிகாரம், கையில் கொஞ்சம் பணம். முதலாளிகளைச் சாடுகிற அந்தப் பாட்டை அவன்தான் தாளிலிருந்து வாசிக்கிறான், எழுத்துக்கூட்டி, தடுமாறித் தடுமாறி. வாசிக்க வாசிக்கக் கிழவர்களுக்கு உடம்பு நடுங்குகிறது. அவர்கள் வாழ்க்கையை இன்னொருவன் அவர்களுக்கே படித்துக் காட்டுகிறான். மூன்றாம் அங்கத்தில் சாராயக்கடையில் போலீஸ்காரன் பாட்டுக்குத் தடை என்று அறிவிக்கிறான், நான்காம் அங்கத்தில் அது முதலாளியின் ஜன்னலுக்கு வெளியே கேட்கிறது. கதாநாயகன் வேண்டுமென்றால் அந்தப் பாட்டைச் சொல்லலாம்.

மார்ச் 6, இரவு

அன்சோர்கே பற்றி ஒரு வரி சேர்க்க வேண்டும். நான்காம் அங்கத்தில் நெசவாளிகள் மாளிகைக்குள் நுழைகிறபோது முதலில் கூச்சத்தோடு, தயங்கித் தயங்கித்தான் வருகிறார்கள், கண்ணாடியையும் சோபாவையும் வாய் பிளந்து பார்க்கிறார்கள். உடைப்பது அதற்கப்புறம்தான். அன்சோர்கே, நீ என் வீட்டைப் பறித்தால் நான் உன் வீட்டைப் பறிப்பேன் என்ற பொருளில் கத்திக்கொண்டு இறங்குகிறான். இரண்டாம் அங்கத்தில் குடிசை கைவிட்டுப் போகிறதே என்று புலம்பிய அதே வாயில்லாப் பூச்சி.

மார்ச் 8

தடை விவகாரம். இது தனி நாடகமாகவே எழுதத் தக்கது.

ஹாப்ட்மான் முதலில் எழுதியது சைலீசிய வட்டார வழக்கில், பிறகுதான் பொது ஜெர்மனுக்கு நெருக்கமான வடிவம். 1892இல் பெர்லின் போலீஸ் தடை விதித்தது. பழைய கதைக்கு ஏன் இவ்வளவு பயம் என்று தோன்றும். அது பழைய கதையாக இருக்கவில்லை. 1890களின் தொடக்கத்தில் அதே மலையடிவாரத்தில் நெசவாளிகள் மறுபடியும் பட்டினியில் கிடந்தார்கள். 1891இல் ஹாப்ட்மான் அந்த ஊர்களுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் நாடகத்தை முடித்தார்.

1893 பிப்ரவரி 26 அன்று ஃப்ரையே ப்யூனே என்ற சங்கம் உறுப்பினர்களுக்கு மட்டுமான காட்சியாக இதை மேடையேற்றியது, அதனால் தணிக்கை தொட முடியவில்லை. அதே வருடம் மே மாதம் பாரிஸில் ஆந்துவான் என்ற இயக்குநரின் குழு போட்டது. அக்டோபரில் பிரஷ்ய உயர் நிர்வாக நீதிமன்றம் டாய்ட்சஸ் தியேட்டருக்கு அனுமதி கொடுத்தது. தீர்ப்பில் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: அந்த அரங்கில் டிக்கெட் விலை அதிகம், மலிவு இருக்கைகள் குறைவு, ஆகவே அங்கே வருகிறவர்கள் கலவரத்தில் இறங்கக்கூடிய வர்க்கத்தினர் அல்லர். ஏழைகளைப் பற்றிய நாடகம் ஏழைகளால் பார்க்க முடியாது என்பதால் அனுமதிக்கப்பட்டது. இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் அடங்க வெகுநேரம் ஆனது. மற்ற நகரங்களில் தனித்தனியாக வழக்காட வேண்டியிருந்தது.

1894 செப்டம்பர் 25 அன்று பொதுமக்களுக்கான முதல் காட்சி நடந்தது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அந்த அரங்கில் தனக்கிருந்த இருக்கைகளை ரத்து செய்துவிட்டார்.

மார்ச் 8, சற்று நேரம் கழித்து

ஆனால் தொழிலாளர் பார்க்கவே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். தொழிலாளருக்காகவே இருந்த ஃப்ரையே ஃபோல்க்ஸ்ப்யூனே என்ற அமைப்பு 1893 டிசம்பரிலேயே தன் உறுப்பினர்களுக்குப் போட்டுக் காட்டியது. அந்தக் காட்சியில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

மார்ச் 11

ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஆமாம், 1893 பிப்ரவரிக் காட்சியைப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர். கையில் வேறு வேலை வைத்திருந்தவர், அதை நிறுத்திவிட்டு இதைப் பிடித்துக்கொண்டார். 1897 வரை உழைத்து ஆறு படங்கள் செய்தார், மூன்று கல்லச்சு (லித்தோகிராஃப்), மூன்று செதுக்கச்சு (எட்சிங்). 1898இல் பெர்லின் கண்காட்சியில் தங்கப் பதக்கத்துக்குப் பரிந்துரை போனது, பேரரசர் மறுத்துவிட்டார். நாடகத்தில் வரும் காட்சிகளை அப்படியே வரைந்தவை அல்ல இவை. முதல் படத்தில் ஒரு குழந்தை கட்டிலில் கிடக்கிறது, தாய் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறாள், பின்னால் அறையை அடைத்துக்கொண்டு தறி. கடைசிப் படத்திலும் தறி இருக்கிறது, வாசல் வழியாகச் செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

நாடகம் எங்கே நிறுத்தியதோ அதற்கு அடுத்த நொடியை அவர் வரைந்துவிட்டார். இதை எழுதும்போதுதான் முதல் கேள்விக்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை என்பது உறைக்கிறது. நாளை எழுதுகிறேன்.

மார்ச் 12

சரி, ஹில்சே.

ஐந்தாம் அங்கம், லாங்கன்பீலாவ். ஹில்சே பழைய சிப்பாய், ஒரு கை இல்லை. காலையில் குடும்பத்தோடு ஜெபம் செய்துவிட்டுத் தறியில் உட்காருகிறவன். வெளியே ஊரே பற்றி எரிகிறது. பேத்தி மீல்ஷன் எங்கிருந்தோ ஒரு வெள்ளிக் கரண்டி கொண்டுவருகிறாள், அதைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று துடிக்கிறான், அது அவர்களுக்குப் பல வாரச் சாப்பாடு. ஆண்டவன் உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்து வேலையைச் செய்வேன், நியாயத்தை அவன் பார்த்துக்கொள்வான் என்பது அவன் நம்பிக்கை.

மருமகள் லூயிசா இதற்குப் பதில் சொல்கிறாள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். உங்கள் ஜெபமும் பக்திப் பாட்டும் ஒரு குழந்தைக்காவது வயிறு நிறைய வைத்ததா என்று மாமனாரைப் பார்த்தே கேட்கிறாள், கேட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடுகிறாள். கணவன் காட்லீப் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் தவித்து, கடைசியில் அவனும் போகிறான். அப்புறம்தான் குண்டு.

கலகம் அப்பாவியைக் கொன்றது என்கிறீர்கள். குண்டு யாருடைய துப்பாக்கியிலிருந்து வந்தது? சிப்பாய்களுடையது, அரசனின் படை. எந்தப் படையில் நின்று ஹில்சே கையை இழந்தானோ அந்தப் படைதான் ஜன்னல் வழியாக அவனைச் சுட்டது. அவன் கல்லெறியவில்லை, கொடி பிடிக்கவில்லை, தறியை விட்டு எழக்கூட இல்லை. ஒதுங்கியிருந்தால் தப்பிக்கலாம் என்ற வழி அந்தக் குண்டோடு அடைபட்டது.

அதே சமயம் ஹாப்ட்மான் ஹில்சேயை முட்டாளாகக் காட்டவில்லை, அவனைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டும் என்று ஒரு இடத்தில்கூட நினைக்கவில்லை. நாடகத்தைத் தன் அப்பாவுக்குச் சமர்ப்பிக்கிறபோது, அப்பா சொன்ன தாத்தாவின் கதையிலிருந்து இது முளைத்தது என்கிறார். தாத்தா இளமையில் ஏழை நெசவாளி, இந்தப் பாத்திரங்களைப் போலவே தறிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். ஹில்சேக்கு அவர் கொடுக்கும் மரியாதை எனக்குப் புரிகிறது. ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டு வந்த என் அப்பாவை யாராவது கோழை என்றால் எனக்கும் பொறுக்காது. லூயிசா கத்துவதும் சரி. இருவரையும் ஒரே அறையில் நிறுத்தி, இருவருக்கும் முழுத் தொண்டையும் கொடுத்திருப்பதால்தான் இந்த அங்கம் இன்னும் செத்துப்போகாமல் இருக்கிறது.

மார்ச் 13

ஒரு விஷயம் விட்டுப்போனது. திரை விழுகிறபோது சிப்பாய்கள் ஊரைவிட்டு ஓடுகிறார்கள், வெளியே ஆரவாரம். வரலாற்றிலும் ஜூன் 5 அப்படித்தான் நடந்தது. மறுநாள் பீரங்கி வரும் என்பது 1894இல் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும். ஹாப்ட்மான் அந்த மறுநாளை எழுதவில்லை. தோற்றதைக் காட்டியிருந்தால் போலீஸுக்கே பிடித்திருக்கும், பார்த்தாயா முடிவு இதுதான் என்று பாடம் நடத்தியிருப்பார்கள். வென்ற நிமிஷத்தில் நிறுத்தினார், ஆனால் மேடையில் கிழவனின் பிணமும், என்ன நடந்ததென்று தெரியாமல் அவனைக் கூப்பிடுகிற குருட்டு மனைவியும் இருக்கிறார்கள். வெற்றி என்றும் சொல்ல முடியாது, தோல்வி என்றும் சொல்ல முடியாது. முன்பு இதை ஆசிரியரின் தயக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இப்போது அப்படித் தோன்றவில்லை.

மார்ச் 13, இரவு

‘இவ்வளவும் எழுதியவர் ஹிட்லர் காலத்தில் என்ன செய்தார்’ என்ற கேள்வி நியாயமானது. நோபல் பரிசு 1912. 1933க்குப் பிறகும் ஜெர்மனியிலேயே இருந்தார், எதிர்த்து வாய் திறக்கவில்லை. 1946இல் சைலீசியாவில் செத்தார். டிரைசிகரை எழுதிய கை பிறகு சும்மா இருந்தது எனக்கு வருத்தம்தான். அதற்காக நாடகத்தைத் தூக்கி எறிய மாட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றும் கேட்க மாட்டேன்.

மார்ச் 17

கல்லூரி நாடகக் குழுவோடு இதை மேடையேற்ற யோசனை கேட்டவருக்கு. ஐந்தாம் அங்கத்தை வெட்டாதீர்கள், நேரம் போதாவிட்டால் மூன்றாம் அங்கத்தில் சாராயக்கடைப் பேச்சைச் சுருக்கலாம். ஆட்கள் நிறைய வேண்டும் என்று பயப்பட வேண்டாம், ஒவ்வொரு அங்கத்திலும் பெரும்பாலும் புது ஆட்கள் என்பதால் ஒருவரே இரண்டு மூன்று வேடம் கட்டலாம். பெக்கர், யேகர், பௌமர்ட், அன்சோர்கே ஆகியோருக்கு மட்டும் தனி ஆள் வேண்டும். பாட்டுக்கு சினிமா மெட்டு போடாதீர்கள், அவர்களும் பழைய நாட்டுப்பாடல் மெட்டில்தான் பாடினார்கள், உங்கள் பகுதியில் வேலை செய்யும்போது பாடுகிற மெட்டு ஏதாவது கிடைத்தால் அதில் பொருத்துங்கள். ஃபைஃபராக நடிக்கிற பையனை ஒருநாள் நெசவு நடக்கிற ஊருக்குக் கூட்டிப்போய்த் துணி வாங்குகிறவர் எப்படிப் பார்க்கிறார், எந்த இடத்தில் கை நிற்கிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். மேஜையில் காகிதத்தையோ போர்வையையோ விரித்து ஒப்பேற்றாமல் நிஜமான நெய்த துணி வையுங்கள், விரிக்கிறபோது வரும் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்க வேண்டும்.